பழைய மைவிக்கு வேறு இன்ஜின் மாற்றினால் எண்ணெய்க் காசு மிச்சமாகுமா?

உங்களிடம் 2006-ஆம் ஆண்டு மைவி 1.3 ஆட்டோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா வாங்கியது, அண்ணன் ஓட்டியது, இப்போது உங்கள் கையில். வீடு பாயா ரும்புட்டில், வேலை ஆயர் குரோ பக்கம். தினமும் எஸ்.பி.ஏ. நெடுஞ்சாலைதான் வழி. (சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ என்ற மூன்று பெயர்களையும் சுருக்கித்தான் அந்தச் சாலைக்கு எஸ்.பி.ஏ. என்று பெயர்.) முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய கார், இப்போது 12-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

இந்த நிலையில் யாராவது ஒருவர் உங்களிடம் நிச்சயம் சொல்வார்: ஹாஃப்கட் கடையில் நல்ல இன்ஜின் கிடைக்குது, இறக்கிப் போட்டுட்டா எண்ணெய் பாதியா குறைஞ்சிடும் என்று. சொல்பவர் உங்கள் மாமாவாக இருக்கலாம், பட்டறை போமனாக இருக்கலாம், கூட வேலை செய்பவராகவும் இருக்கலாம். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள்.

நேரடியான பதில் இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை எண்ணெய்ச் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இன்ஜின் ஏற்கெனவே செத்துவிட்டது என்றால் கதை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள்.

லிட்டர் விலையில் இருந்து தொடங்குவோம்

2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டம் எல்லா மலேசியர்களுக்கும் நடப்பில் இருக்கிறது. மைகாட் வைத்திருக்கும் குடிமகனுக்கு, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால், ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். திட்டம் தொடங்கியபோது ஒதுக்கீடு மாதம் 300 லிட்டர் வரை. அதற்கு முன் 2021-இல் இருந்து எல்லாருக்கும் 2 ரிங்கிட் 5 சென்னாக இருந்தது. திட்டம் தொடங்கிய அன்று மானியம் இல்லாத விலை 2 ரிங்கிட் 60 சென்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஒதுக்கீடு உங்கள் காருக்கு இல்லை, உங்களுக்கு. ஒரே காரை நீங்களும் உங்கள் அக்காவும் ஓட்டினால் இருவருக்கும் தனித்தனி ஒதுக்கீடு. ஆனால் வீட்டில் ஓட்டுவது சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் தாத்தாவோ பெரியப்பாவோ என்றால் அவருக்கு இந்த விலை கிடையாது. தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் வந்த சிக்கல் பள்ளிச் சேர்க்கையில் தெரிந்தது, வேலையில் தெரிந்தது, இப்போது எண்ணெய் நிலையத்திலும் தெரிகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர், மாதம் 26 நாள். வார இறுதியில் கோயில், பந்தாய் பக்கம், அத்தை வீடு என்று இன்னும் 200. மொத்தம் 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 125 லிட்டர், அதாவது 248 ரிங்கிட் 75 சென்.

புதிய இன்ஜின் போட்டு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போது 100 லிட்டர், 199 ரிங்கிட். மாதம் மிச்சம் 50 ரிங்கிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. வருடத்துக்கு 597 ரிங்கிட்.

இன்ஜின், கூலி, மவுண்டிங், வயரிங், புதிய பெல்ட், எண்ணெய், கூலண்ட், ஆய்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 4,500 ரிங்கிட் ஆகிறது என்று உதாரணத்துக்கு வைத்தால், போட்ட காசு திரும்ப ஏழரை வருடம். அதற்குள் அந்த மைவிக்கு 27 வயது நெருங்கிவிடும். மானியமே இல்லாமல், திட்டம் தொடங்கிய அன்றைய 2 ரிங்கிட் 60 சென் விலையில் கணக்குப் போட்டாலும் ஆறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். உங்கள் போமன் சொல்லும் விலை வேறாக இருக்கலாம். அந்த எண்ணை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை.

பேச்சில் வரும் "கிலோமீட்டர் கூடும்" என்ற எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லிட்டருக்கு 8-இல் இருந்து 10 ஆனால், மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 37.5 லிட்டர் மிச்சம். 15-இல் இருந்து 18 ஆனால் 16.7 லிட்டர்தான். கேட்பதற்கு இரண்டாவது பெரிதாக இருக்கிறது. முதலாவதில்தான் காசு மிச்சம். அதாவது, கார் ஏற்கெனவே ஓரளவு சிக்கனமாக ஓடுகிறது என்றால், அதை இன்னும் சிக்கனமாக்க நீங்கள் போடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் குறைவாகத்தான் திரும்ப வரும்.

சின்ன இன்ஜின் என்றால் குறைவாகக் குடிக்குமா?

மைவியின் 1.3 இன்ஜினுக்குப் பெயர் கே3-விஇ. அதிகபட்சம் 64 கிலோவாட் சக்தி தரும். ஆனால் சமமான சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போக அந்த அளவு சின்ன காருக்குச் சுமார் 10 கிலோவாட் போதும். அதில் பெரும்பகுதி காற்றைத் தள்ள, மீதி டயர் உருள. அதாவது எஸ்.பி.ஏ. சாலையில் நீங்கள் போகும்போது உங்கள் இன்ஜின் தன் பலத்தில் ஆறில் ஒரு பங்கைத்தான் காட்டுகிறது.

பெட்ரோல் இன்ஜினுக்கு இந்தச் சோம்பல் பிடிக்காது. ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது உள்ளே காற்றுப் போகும் வழி பாதி மூடியிருக்கும். அந்த மூடிய வழியில் காற்றை இழுக்கவே இன்ஜின் கொஞ்சம் எண்ணெயைச் செலவழிக்கிறது. இதனால்தான் அதே காரில் சின்ன இன்ஜின் இருந்தால், அது கொஞ்சம் அதிகமாக உழைத்து, ஒரு சொட்டு எண்ணெய்க்கு அதிக வேலை தரும். இந்த அளவில் "சின்ன இன்ஜின் சிக்கனம்" என்பது உண்மைதான்.

ஆனால் எல்லை இருக்கிறது. முதல் தலைமுறை மைவியே 1.0 லிட்டர் இன்ஜினிலும் வந்தது. ஓட்டியவர்களைக் கேளுங்கள். நான்கு பேர் ஏறி, ஏர்கோன் போட்டு, ஏற்றத்தில் போகும்போது மிதியைத் தரையோடு அமுக்க வேண்டும். அப்படி அமுக்கும்போது இன்ஜின் தன் பாதுகாப்புக்காகக் கலவையில் எண்ணெயைக் கூட்டும். சாலையில் மிச்சம் பிடித்ததை ஏற்றத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். 1.3-ஐ எடுத்துவிட்டு 1.0 போட்டால் ரோட் டேக்ஸ் 70 ரிங்கிட்டில் இருந்து 20 ரிங்கிட்டுக்கு இறங்கும், அவ்வளவுதான் உறுதியான லாபம். வருடத்துக்கு 50 ரிங்கிட்.

எதிர்ப்பக்கமும் ஒரு வாதம் கேட்டிருப்பீர்கள்: பெரிய இன்ஜின் போட்டால் மிதிக்கவே வேண்டாம், அதனால் எண்ணெய் குறையும். மைவியில் 3எஸ்இசட்-விஇ என்ற 1.5 இன்ஜினை இறக்குபவர்கள் அடிக்கடி சொல்வது இது. இரண்டாம் தலைமுறை மைவி 1.5-இலும் அல்ஸாவிலும் இருந்த இன்ஜின், கே3-க்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு, அதனால் வேலை சுலபம். கார் நன்றாக இழுக்கும், ஓட்டச் சுகம், எல்லாம் சரி. ஆனால் அதே நான்கு கியர் ஆட்டோ பெட்டியோடு சமவேகத்தில் போகும்போது பெரிய இன்ஜின் இன்னும் சோம்பலாகத்தான் இருக்கும். சுகத்துக்காகப் போடுகிறேன் என்று சொல்லிப் போட்டால் அதில் தப்பே இல்லை. சிக்கனத்துக்காக என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

உண்மையில் இப்போதைய கார்கள் ஏன் குறைவாகக் குடிக்கின்றன? இன்ஜினை விட கியர்பாக்ஸ்தான் முக்கியக் காரணம் என்பேன். 2021 நவம்பரில் வந்த மைவிக்கு நான்கு கியர் ஆட்டோவுக்குப் பதில் சிவிடி போட்டார்கள். கியர் விகிதம் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறுவதால், இன்ஜினை அதற்கு வசதியான சுழற்சியிலேயே வைத்திருக்க முடிகிறது. இன்ஜினை மட்டும் தூக்கி வந்து பழைய பெட்டியில் மாட்டினால் அந்தப் பாதி லாபம் வராது. இரண்டையும் சேர்த்துத் தூக்கி வந்தால், 2006 காரின் மின்னணு அமைப்போடு அவை பேச வேண்டும். அந்த வயரிங் வேலையைச் சரியாகச் செய்யக்கூடியவர்கள் குறைவு, செய்பவர்கள் வாங்கும் கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

ஹைப்ரிட் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. நம் மாநிலத்திலேயே, அலோர் காஜா பெகோவில் உள்ள ஹோண்டா தொழிற்சாலையில் ஹைப்ரிட் கார்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. ஆனால் அங்கே சிக்கனம் வருவது இன்ஜினில் இருந்து மட்டும் இல்லை. பேட்டரி, மோட்டார், பிரேக் பிடிக்கும்போது சக்தியைத் திரும்பச் சேமிக்கும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து. அதைப் பட்டறையில் பெயர்த்து நடுவது நடைமுறையில் இல்லாத கதை.

கன்சில் டர்போ ஆசை

கன்சில், கெலிசா, விவா வைத்திருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு பத்தி. ஜப்பான் 660 சிசி டர்போ இன்ஜின் நம் ஊரில் புகழ் பெற்றது. 1994-இல் வந்த கன்சில், டைஹாட்சு மீராவின் அடிப்படையில் செய்யப்பட்டது என்பதால் அந்தக் குடும்ப இன்ஜின்கள் அதில் நன்றாகப் பொருந்தும். சிசி குறைவு, ஆகவே சிக்கனம் என்பது கேட்பவருக்கு நியாயமாகத் தெரியும்.

முதல் சிக்கல், ரோட் டேக்ஸில் ஒரு சென்கூட மிச்சமில்லை. 1,000 சிசி வரை எல்லாமே 20 ரிங்கிட்தான். 660 ஆனாலும் 850 ஆனாலும் 989 ஆனாலும் ஒன்றே. இரண்டாவது, டர்போ ஊதும்போது சிலிண்டருக்குள் போகும் காற்று கூடும், அதற்கேற்ப எண்ணெயும் கூடும். 660 சிசி என்று பெயர், குடிப்பது பெரிய இன்ஜின் அளவுக்கு. மூன்றாவதுதான் இப்போதைய நிலையில் பெரியது. ஊதும் அழுத்தத்தைக் கூட்டி டியூன் செய்தவர்கள் இன்ஜின் தட்டாமல் இருக்க ரோன்97 அடிக்கிறார்கள். ரோன்97-க்கு மானியம் கிடையாது, அதன் விலை வாரா வாரம் ஏறி இறங்கும். அப்படி டியூன் செய்த நாளிலேயே 1 ரிங்கிட் 99 சென் விலையில் இருந்து நீங்களாகவே வெளியேறிவிடுகிறீர்கள்.

உண்மையாகவே லாபம் தந்த ஒரு மாற்றம் உண்டு, அது பழைய தலைமுறைக் கதை. கார்புரேட்டர் வைத்த சாகா, இஸ்வாராவில் அதே 4ஜி13, 4ஜி15 குடும்பத்தின் இன்ஜெக்ஷன் இன்ஜினைப் போடுவது. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்கு எண்ணெய்க்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். கார்புரேட்டரால் அதை நேரத்துக்கு நேரம் திருத்த முடியாது. ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் இன்ஜின் நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும். வித்தியாசம் பணப்பையில் தெரியும். ஆனால் அதே சாகாவில் 1.8 இன்ஜினான 4ஜி93-ஐப் போட்டால்? அது 1,834 சிசி. ரோட் டேக்ஸ் 70 ரிங்கிட்டில் இருந்து 297 ரிங்கிட்டுக்குப் போய்விடும். 1,800 சிசியைத் தாண்டினால் அடிப்படையே 280 ரிங்கிட், மேலே ஒவ்வொரு சிசிக்கும் 50 சென்.

ஹாஃப்கட் எங்கிருந்து வருகிறது

ஜப்பானில் கழித்துக் கட்டப்படும் கார்களின் முன்பாதியை அப்படியே வெட்டி, கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கணினிப் பெட்டி எல்லாம் ஒரே தொகுதியாகக் கிடைக்கும், அதுதான் இதன் வசதி. நம் நாட்டில் எத்தனையோ பழைய கார்கள் இன்னும் ஓடுவதற்கு இந்த வியாபாரம் ஒரு காரணம். தோட்டத்தை விட்டு வெளியே வந்து பட்டறைத் தொழிலைக் கையில் எடுத்த தமிழர்கள் பலருக்கும் இதுதான் சோறு போட்டது.

இதை நிறுத்த அரசாங்கம் ஒருமுறை முயன்றது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், பயன்படுத்திய உதிரிபாகங்களின் இறக்குமதி 2011 ஜூனில் இருந்து தடை செய்யப்படும் என்றார்கள். பாதுகாப்புதான் காரணம். அதே அறிவிப்பில் 15 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாய ஆய்வும் இருந்தது. பழைய கார் வைத்திருப்பவர் யார்? வசதி குறைந்தவர். எதிர்ப்பு கிளம்பியது, கட்டாய ஆய்வைக் கைவிட்டார்கள், உதிரிபாகத் தடையும் அமலுக்கு வரவில்லை. அதனால்தான் இன்றும் நீங்கள் போய் இன்ஜின் கேட்க முடிகிறது.

ஆனால் நீங்கள் வாங்குவது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மீட்டர் அதோடு வந்தாலும் அதை எந்த அளவுக்கு நம்புவது? இன்ஜின் கழுவிப் பளபளவென்று இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. காசு கொடுக்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணும் எவ்வளவு என்பதோடு, அவற்றுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தள்ளி நில்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கறுப்புப் பசை படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிக்கனத்துக்காக வாங்கும் இன்ஜின் தேய்ந்ததாக இருந்தால் அது உங்கள் பழைய இன்ஜினை விட அதிகம் குடிக்கும்.

கிராண்டில் உள்ள நம்பர்

பலரும் லேசாக எடுத்துக்கொள்ளும் இடம் இது. என் கணிப்பில் எண்ணெய்க் கணக்கை விட இதுதான் பெரிய விஷயம்.

உங்கள் காரின் கிராண்டில் இன்ஜின் நம்பர் இருக்கிறது. இன்ஜின் மாறினால் அந்த விவரத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் மாற்றிப் பதிய வேண்டும். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இது உரிமையாளரின் கடமை. பட்டறைக்காரர் செய்வார் என்று விட்டுவிட முடியாது. புஸ்பாகோம் ஆய்வு அறிக்கை வேண்டும், இன்ஜின் வாங்கிய ரசீது வேண்டும், இறக்குமதி இன்ஜின் என்றால் சுங்கத்துறைத் தாள் வேண்டும். கார் இன்னும் வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படும். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் இன்ஜின் ஏன் மலிவு என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த நம்பர் வேறு யாருடைய திருட்டுப்போன காரிலோ இருந்து வந்திருந்தால், சாலைத் தடுப்புச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

நம் குடும்பங்களில் கார் கைமாறும் விதம் தெரியும்தானே. மாமா கார் மருமகனுக்கு, அண்ணன் கார் தம்பிக்கு, பெயர் மட்டும் மாறாமல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். என்றாவது பெயர் மாற்றப் போகும்போது புஸ்பாகோமில் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். கிராண்டில் ஒன்று, காரில் ஒன்று என்றால் வேலை அங்கேயே நிற்கும். இன்ஜின் போட்டவர் பட்டறையை மூடிவிட்டுப் போயிருப்பார், ரசீது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கார் உரிமையாளர் இறந்துபோய், பிள்ளைகள் பெயருக்கு மாற்ற அலையும்போது இந்தச் சிக்கலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காப்புறுதி இன்னொரு பக்கம். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுக்கும்போது கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராமல் இருக்க நீங்கள் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். வாகனத்தில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்று டிக் பண்ணிவிட்டு, உள்ளே வேறு இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அது உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். மாதம் 50 ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய் முழுக் காருக்கான இழப்பீட்டைப் பணயம் வைப்பது எந்த வகைக் கணக்கு?

அதனால் வரிசை முக்கியம். முதலில் ஜேபிஜேயிடம், உங்கள் காருக்கு இந்த இன்ஜினை அனுமதிப்பார்களா, என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு இன்ஜினுக்கு முன்பணம் கொடுங்கள். நடைமுறையில் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

கொள்கை மாறினால் உங்கள் ஏழரை வருடம் என்ன ஆகும்?

எண்ணெய் விலையை நம்பிக் காரை மாற்றியவர்களுக்கு நடந்தது நம் கண்முன் இருக்கிறது. டாக்சி ஓட்டுநர்கள் பலர் பெட்ரோலை விட மலிவு என்று என்ஜிவி வாயுவுக்கு மாறினார்கள், பின்பக்கம் சிலிண்டர் பொருத்தி, சாமான் வைக்கும் இடத்தையும் இழந்து. 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் என்ஜிவி முடிவுக்கு வருவதாக அறிவித்தார். 2025 ஜூலை 1-உடன் அது முடிந்தது. சிலிண்டர்கள் பழையதாகிவிட்டன, பாதுகாப்பில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த மாற்றத்துக்குக் காசு போட்டவருக்கு அது ஆறுதல் இல்லை.

டீசலும் அப்படித்தான். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 சென்னில் இருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் ஏறியது. டீசல் மலிவு என்று கணக்குப் போட்டு வைத்திருந்த எல்லாத் தாளும் அன்று குப்பைக்குப் போனது. சுங்கை ஊடாங் பக்கம் பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை நம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது, இருந்தாலும் லிட்டர் விலை முடிவாகும் இடம் புத்ராஜெயா. ஏழரை வருடத்தில் பூடி95-இன் விலையோ ஒதுக்கீட்டு அளவோ மாறாது என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கப் போவதில்லை. விலை ஏறினால் இன்ஜின் மாற்றம் சீக்கிரம் லாபம் தருமே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், தரும். ஆனால் அதே விலையேற்றம் புதிய சிக்கனமான காரை இன்னும் வேகமாக லாபமாக்கும்.

இன்ஜினைத் தொடும் முன்

14-இல் இருந்து 12-க்கு இறங்கிய காருக்குத் தேவை பெரும்பாலும் வேறு இன்ஜின் இல்லை. அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கே போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நான் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட்டை. திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே சூடேறாது, கணினி அதைக் குளிர் இன்ஜின் என்று நினைத்து எண்ணெயைக் கூட்டிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயிலில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று கழற்றி எறிந்த பட்டறைகளும் உண்டு, உங்கள் காரில் இருக்கிறதா என்றே கேளுங்கள். அடுத்தது ஆக்சிஜன் சென்சார். பிறகு பிளக், ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டு விடாத பிரேக், கியர்பாக்ஸ் எண்ணெய், டயர் காற்று.

இவற்றைச் சரிசெய்ய 400 ரிங்கிட் செலவாகி, 12 என்பது 13.5 ஆனது என்று வைத்துக்கொள்வோம். மாதம் கிட்டத்தட்ட 28 ரிங்கிட் மிச்சம். 15 மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். ஏழரை வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டும் விதமும் உண்டு. காலையில் பிள்ளையைப் பாயா ரும்புட் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு உடனே வீடு திரும்புவது போன்ற குட்டிப் பயணங்களில் இன்ஜின் சூடாகும் முன்பே பயணம் முடிந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு எந்த இன்ஜினும் நல்ல கணக்குத் தராது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது காற்றின் எதிர்ப்பு 90-இல் இருப்பதைப் போல் ஒன்றரை மடங்கு. வேகத்தைக் குறைக்க ஜேபிஜே அனுமதி தேவையில்லை.

இன்ஜின் போயேவிட்டது என்றால்

நீலப் புகை, ஹெட் வளைந்துவிட்டது, ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டது என்ற நிலையில் எப்படியும் காசு செலவழிக்கத்தான் வேண்டும். பழுதுபார்க்கவும் இன்ஜின் மாற்றவும் கிட்டத்தட்ட ஒரே தொகை என்றால், கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு ரிங்கிட்டுக்கு எது நல்லது என்பதுதான் கேள்வி. என் பார்வையில் அப்போதும் முதல் தேர்வு அதே வகை இன்ஜின்தான். மைவிக்கு இன்னொரு கே3-விஇ. பொருந்தும், கணினிக்குத் தெரியும், எந்தப் போமனும் பார்ப்பார், சிசி மாறாததால் ரோட் டேக்ஸ் மாறாது. நம்பர் மட்டும் மாறும். அதையும் பதிய வேண்டும், அதில் சலுகை இல்லை.

கார்புரேட்டர் சாகா வைத்திருப்பவர் இன்ஜெக்ஷனுக்கு மாற இதுவே சரியான நேரம். எண்ணெய்ப் பம்ப், திரும்பி வரும் எண்ணெய்க் குழாய், வயரிங், கணினி எல்லாம் விலைப்பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் இது தனி, அது தனி என்பார்கள்.

காரே 20 வருடத்தைத் தாண்டிவிட்டது என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில், 20 வருடத்துக்கு மேற்பட்ட காரைக் கழித்துக் கட்டிவிட்டுப் புதிய புரோட்டான் அல்லது பெரோடுவா வாங்குபவருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்று அறிவித்திருக்கிறார்கள். 2006 மைவிக்கு அந்த வயது வரும் நேரம்தான். புதிய கார் என்றால் மாதத் தவணை உண்டு, சம்பளம் அதைத் தாங்குமா என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. ஆனால் 4,500 ரிங்கிட்டைப் பழைய காரின் வயிற்றில் வைப்பதற்கு முன், அந்தக் கார் கிராண்டில் பதிவான ஆண்டையும், பெயர் இன்னும் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உதவி கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இரண்டு வரியைப் பொறுத்துத்தான் இருக்கும்.